எத்தனை பேர்? எதற்காக?

நமது தேசத்தில் கிரிப்டோ நாணயம் வைத்திருப்போர் எத்தனை பேர்? 2021-ஆம் வருஷத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உலாவின. ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி பேர் வரையில் இருக்கலாம் என்பது அந்த வியாபாரத்தில் ஈடுபட்டவர்களின் மதிப்பு. பத்துக் கோடிக்கும் மேல் என்பது அந்நிய நாட்டு ஸ்தாபனம் ஒன்று வெளியிட்ட மதிப்பு. தேசம் ஒன்று, வருஷம் ஒன்று. விடைகளுக்கு மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசம். ஓர் ஊரில் ஆயிரம் வீடுகள் என்று ஒருவரும், ஐயாயிரம் வீடுகள் என்று மற்றொருவரும் சொல்லிக் கொண்டிருந்தால், அந்த ஊருக்கு எத்தனை கிணறு வெட்டுவது என்று யாரால் தீர்மானிக்க முடியும்? கோடிக்கணக்கான ஜனங்களின் சேமிப்பைப் பற்றிய சட்டம் செய்ய வேண்டிய ஒரு விஷயத்தில் நாம் இந்த நிலையில்தான் இருக்கிறோம்.

இந்த நாணயத்தின் பூர்வோத்தரம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்ததே. சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் மறைந்திருந்தவர் 2008-இல் ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டார். 2009 ஜனவரியில் பிட்காயின் பிறந்தது. எந்த ராஜாங்கத்தின் முத்திரையும் இதற்குக் கிடையாது. எந்தப் பாங்கியும் இதற்கு ஜவாப்தாரி அல்ல. கணக்குப் புஸ்தகத்தை ஒரே இடத்தில் பூட்டி வைக்காமல், உலகெங்குமுள்ள கம்ப்யூட்டர்களில் ஒரே பிரதியாக எழுதி வைப்பதே இதன் சூக்ஷுமம். பிட்காயின் மொத்தத்தில் 2 கோடியே 10 லக்ஷத்துக்கு மேற்படக் கூடாது என்பது அதன் விதி. அதைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான வேறு நாணயங்களும் பிறந்துவிட்டன.

எத்தனை பேர் என்ற கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. இந்த விவாதத்தில் எண்ணிக்கையே ஒரு வாதமாகிவிட்டது. “இத்தனை கோடி ஜனங்கள் வைத்திருக்கிறார்களே, இதைத் தடுக்கலாமா?” என்று ஒரு கட்சியார் கேட்கிறார்கள். “இத்தனை கோடி ஜனங்கள் வலையில் விழுகிறார்களே, இதை விட்டுவைக்கலாமா?” என்று எதிர்க்கட்சியார் கேட்கிறார்கள். இரு கட்சியாரும் காட்டுவது ஒரே எண்ணை! எத்தனை பேர் என்பதோடு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டாலன்றி அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முதலில் எண்ணும் முறையைக் கவனிப்போம். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் 2020-இல் உலக முழுவதும் விசாரித்தபோது, கிரிப்டோ ஸ்தாபனங்களில் திறக்கப்பட்டிருந்த கணக்குகள் 19 கோடியே 10 லக்ஷம் என்று கண்டார்கள். அவற்றை உடைய தனி மனிதர்களோ, அதிகமாகப் போனால் 10 கோடியே 10 லக்ஷம் பேர் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். கணக்கை எண்ணுவது வேறு, ஆளை எண்ணுவது வேறு. மூன்று பாங்கிகளில் பாஸ் புஸ்தகம் வைத்திருப்பவரை மூன்று பேர் என்று சொல்லலாமா? இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கணக்குப் புஸ்தகத்தில் ஒரே விலாசமாகத் தோன்றுவது ஒரு மாற்றுச் சந்தையினுடையதாக இருக்கலாம். அதற்குள் லக்ஷக்கணக்கானவர்களின் பொருள் அடங்கியிருக்கலாம்.

கேள்வியை அமைக்கும் விதத்திலும் எண் மாறுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ப்யூ ஆராய்ச்சி நிலையத்தார் 2021-இல், “எப்பொழுதாவது இந்த நாணயத்தில் முதலீடு செய்தோ, வியாபாரம் செய்தோ, உபயோகித்தோ இருக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். நூற்றுக்கு 16 பேர் ஆம் என்றார்கள். அதே 2021-இல் அந்நாட்டு மத்திய பாங்கியான பெடரல் ரிஸர்வ், சென்ற பன்னிரண்டு மாதங்களில் வைத்திருந்தீர்களா, உபயோகித்தீர்களா என்று கேட்டது. நூற்றுக்கு 12 பேரே ஆம் என்றார்கள். 2022-இல் இது 10 ஆகவும், 2023-இல் 7 ஆகவும் குறைந்தது. ஒருமுறை தொட்டவனையும் இன்று வைத்திருப்பவனையும் ஒரே பட்டியில் அடைத்தால் கூட்டம் பெரிதாகத் தோன்றும். ரயிலில் ஏறியவர்களை மட்டும் எண்ணி, இறங்கினவர்களை எண்ணாமல் விடுவது போன்றதே இது. விலை ஏறும்போது கூட்டம் சேர்வதும், விலை இறங்கும்போது கலைவதும் இந்த விஷயத்தில் சகஜம் என்பதை மறக்கலாகாது.

மத்திய அமெரிக்காவிலுள்ள எல் ஸால்வடார் என்ற சிறு தேசத்தின் அனுபவம் இதைவிடப் பெரிய பாடம் புகட்டுகிறது. அந்நாட்டுச் சட்டசபை 2021 ஜூனில், 84 பேரில் 62 பேரின் வாக்கால், பிட்காயினைச் சட்டபூர்வமான நாணயமாக்கியது. அமெரிக்க டாலர் அங்கே 2001 முதல் நாணயமாக வழங்கி வருகிறது. 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினையும் வியாபாரிகள் மறுக்கக் கூடாது என்று விதித்தார்கள். டெலிபோனில் வைத்துக்கொள்ளும் சர்க்கார் பணப்பை ஒன்றை ஏற்படுத்தி, அதைப் பெற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் 30 டாலர் இனாம் அளித்தார்கள். ஜனங்கள் திரளாகப் பெற்றுக்கொண்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள், ஒரு தேசமே புது நாணயத்துக்கு மாறிவிட்டது என்று வியந்தார்கள்.

பொருளாதார நிபுணர்கள் மூவர் 2022 பிப்ரவரியில் 1,800 குடும்பங்களை நேரில் விசாரித்தபோது உண்மை வெளியாயிற்று. பணப்பையைப் பெற்றவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல், இனாம் பணத்தைச் செலவழித்த பிறகு அதைத் தொடவே இல்லை. வியாபார ஸ்தாபனங்களில் ஐந்தில் ஒன்றுதான் பிட்காயினை ஏற்றது. கையில் புழங்கும் ரொக்கத்தில் இருந்த நம்பிக்கை ஜனங்களுக்கு இதில் ஏற்படவில்லை. சர்வதேச நிதி ஸ்தாபனத்துடன் 2024 டிசம்பரில் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கண்ட அந்தச் சர்க்கார், 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, ஏற்பதும் மறுப்பதும் வியாபாரியின் இஷ்டம் என்று விட்டுவிட்டது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டவர்கள், எதற்காக வாங்கினார்கள் என்று கேட்டிருந்தால், முப்பது டாலருக்காக என்ற விடை முதல் நாளே கிடைத்திருக்கும்.

இனி, எதற்காக என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்க பெடரல் ரிஸர்வின் 2021-ஆம் வருஷ விசாரணை இதில் ஓர் அபூர்வமான வெளிச்சத்தைக் காட்டியது. முதலீட்டுக்காக மட்டும் கிரிப்டோ வைத்திருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், நூற்றுக்கு 46 பேர், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் டாலரும் அதற்கு மேலும் வருமானமுள்ளவர்கள். அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் பாங்கிக் கணக்கு உண்டு. பொருள் வாங்கவும் பணம் அனுப்பவும் அதை உபயோகித்த சிறு தொகையினரோ வேறு ஜாதி மனிதர்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர் ஐம்பதினாயிரம் டாலருக்குக் குறைந்த வருமானமுள்ளவர்கள். நூற்றுக்கு 13 பேருக்குப் பாங்கிக் கணக்கே இல்லை. ஒருவன் மிச்சப் பணத்தைப் பெருக்குவதற்காக வைத்திருக்கிறான். மற்றவன் பாங்கியின் வாசற்படி தனக்கு எட்டாததால் வைத்திருக்கிறான். இருவரையும் ‘வைத்திருப்போர்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது எவ்வளவு பேதைமை! இங்கிலாந்தில் நிதி நடத்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் அதே 2021-இல் விசாரித்தபோது, வைத்திருப்பவர்களிலேயே நூற்றுக்கு 38 பேர் இதை ஒரு சூதாட்டமாகக் கருதுவதாக ஒப்புக்கொண்டார்கள். தெரிந்தே ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டுமா?

சொந்த நாணயம் சீரழிந்த தேசங்களின் கதை முற்றிலும் வேறு. அர்ஜன்டினாவில் 2023-ஆம் வருஷத்தில் மட்டும் விலைவாசி 211 சதவிகிதம் ஏறியது. வருஷ ஆரம்பத்தில் நூறு பெஸோவுக்கு வாங்கிய பண்டத்துக்கு வருஷ முடிவில் முந்நூறுக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே 2019 முதல் பல வருஷங்கள், ஒரு மனிதர் பாங்கியில் மாதம் 200 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்ற தடையும் இருந்தது. நைஜீரியாவில் 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைராவாக இருந்த சர்க்கார் விகிதம், 2024-இன் ஆரம்பத்துக்குள் சுமார் 1,500 நைரா ஆயிற்று. அந்நாட்டு மத்திய பாங்கி 2021 பிப்ரவரியில், கிரிப்டோ வியாபாரிகளின் கணக்குகளை மூடும்படி பாங்கிகளுக்குக் கட்டளையிட்டது. ஜனங்கள் தங்களுக்குள் நேராகவே மாற்றிக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் அந்தப் பாங்கியே தன் தடையை விலக்கிக்கொண்டது. இந்த நாடுகளில் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட கிரிப்டோவை வாங்குகிறவன் பேராசைக்காரன் அல்ல. கூரை ஒழுகும்போது பாத்திரத்தை எடுத்து வைக்கும் குடித்தனக்காரன்.

நமது தேசத்தில் நிலைமை எப்படி? ரூபாயின் மதிப்பு டாலருக்கு எதிரில் சிறிது சிறிதாகக் குறைந்து வருவது உண்மையே. ஆனால் காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் கரைந்துவிடும் என்று அஞ்சி ஓடும் நிலை நமக்கு இல்லை. டெலிபோன் மூலம் கணநேரத்தில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. வசதி பெட்டிக்கடை வரையில் பரவியிருக்கிறது. ஆகவே சேமிப்பைக் காக்கும் அவசரத்துக்கோ, சில்லறைக் கொடுக்கல் வாங்கலுக்கோ இந்த நாணயத்தை நம்மவர்கள் நாட வேண்டிய அவசியம் சொற்பம். மிஞ்சி நிற்கும் காரணம், விலை ஏறும், லாபம் வரும் என்ற நம்பிக்கை ஒன்றே என்று நாம் கருதுகிறோம். அது குற்றமல்ல. ரிஸர்வ் பாங்கி நியமித்த குடும்ப நிதிக் கமிட்டி 2017-இல் கூறியபடி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் நூற்றுக்கு 11 பங்கு தங்கம். பாங்கி டிபாஸிட்டு, பங்குகள் முதலிய நிதிச் சொத்துக்கள் 5 பங்கே. தாயார் தங்கத்தில் வைத்த நம்பிக்கையை மகன் வேறொன்றில் வைக்கிறான். ஆனால் தங்கம் பெட்டியில் இருக்கிறது. விலை பாதியாய்ப் போனாலும் தாலியாகவாவது மிஞ்சும். இதற்கு அந்த ஆறுதல் இல்லை.

எண்ணிக்கையைச் சோதிக்க நமது சர்க்காரின் வரிக் கணக்கே ஒரு துலாக்கோல். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி அமுலில் இருக்கிறது. அந்த வகையில் 2022-23-இல் சுமார் 269 கோடி ரூபாயும், 2023-24-இல் சுமார் 437 கோடி ரூபாயும் கட்டப்பட்டதாகப் பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. 437 கோடி வரி என்றால் அதற்கு ஆதாரமான லாபம் சுமார் 1,450 கோடி. பத்துக் கோடிப் பேர் இருந்தால் தலைக்கு 145 ரூபாய் லாபம்! விற்காமல் வைத்திருப்பவனுக்கு வரி இல்லை என்பதும், அந்நிய நாட்டுச் சந்தைகளில் மறைந்து வியாபாரம் செய்வோர் உண்டு என்பதும் மெய்தான். அவற்றுக்கு வேண்டிய இடம் விட்டுப் பார்த்தாலும், ஒன்று அந்தக் கூட்டம் சொல்லப்படுகிற அளவு பெரிதல்ல, அல்லது அதில் பெரும்பாலோர் சில நூறு ரூபாய்களைப் போட்டுப் பார்த்த சாமானியர்கள், அல்லது கணக்கில் காட்டாமல் மறைப்போர் மிகப் பலர் என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இம்மூன்றில் எது உண்மை என்பதைப் பொறுத்துச் சட்டமே வேறாக வேண்டும் அல்லவா?

சர்க்காரின் கொள்கையோ இதுவரை முன்னும் பின்னுமாகவே நடந்திருக்கிறது. ரிஸர்வ் பாங்கி 2018 ஏப்ரலில், இவ்வியாபாரத்துக்குப் பாங்கிகள் உதவக் கூடாது என்று உத்தரவிட்டது. அவ்வுத்தரவைச் சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. 2022-இல் வரி வந்தது. 2023 மார்ச்சில், கறுப்புப் பணத்தை வெளுப்பாக்குவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் மாற்றுச் சந்தைகள் கொண்டுவரப்பட்டன. கள்ளனைப் பிடிக்கச் சட்டம் வந்தது; கஜானாவை நிரப்பச் சட்டம் வந்தது; பணம் போட்ட பிரஜையைக் காப்பாற்ற மட்டும் தனிச் சட்டம் வரவில்லை.

வரியிலும் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. ஒரு வாலிபர் ஒரு கிரிப்டோவில் ஒரு லக்ஷம் ரூபாய் லாபமும், அதே வருஷத்தில் மற்றொன்றில் ஒரு லக்ஷம் நஷ்டமும் அடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் மிஞ்சியது பூஜ்யம். ஆயினும் லாபத்துக்கு 30,000 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். நஷ்டத்தைக் கழிக்க 2022-இல் வகுத்த விதி இடங்கொடுப்பதில்லை. லாபத்தில் பங்காளி, நஷ்டத்தில் அந்நியன் என்று சர்க்கார் நிற்பது நியாயமா? குதிரைப் பந்தயத்தைப் போல் இதைக் கருதுகிறோம் என்றால் அப்படியே சொல்லிவிடலாம். முதலீடு என்றால் முதலீட்டுக்குரிய நீதியை வழங்க வேண்டும்.

பாதுகாப்பின்மைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024 ஜூலையில் நமது நாட்டு மாற்றுச் சந்தை ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான கிரிப்டோவை இணையக் கொள்ளையர் அபகரித்தார்கள். பணம் போட்டவர்களின் கணக்குகள் ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தன. அவர்களின் வழக்கு ஸிங்கப்பூர்க் கோர்ட்டில் நடந்தது! அவ்வாறு முடங்கியவர்களில் ஒரு மாதரசி, தன்னிடமிருந்தது களவு போன நாணயமே அல்ல என்று சென்னை ஹைகோர்ட்டில் முறையிட்டார். கிரிப்டோ ஒருவகைச் சொத்தே, அதை ஒருவர் மற்றொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று அந்தக் கோர்ட் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சட்டசபைகள் சொல்ல வேண்டியதை நீதிபதிகள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சாமானியனும் தன் சில ஆயிரம் ரூபாய்க்காக ஹைகோர்ட் படி ஏற முடியுமா?

தேசத்தின் நன்மையை நாடுவோர் கவனிக்க வேண்டிய மற்றொரு அம்சமும் உண்டு. 1927-இல் அந்நிய ஆட்சியார் ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று நிர்ணயித்தபோது, 16 பென்ஸே தகும் என்று நமது தலைவர்கள் போராடினார்கள். நாணயத்தின் கடிவாளம் யார் கையில் என்பது சுயராஜ்யத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அமெரிக்கா 2025 ஜூலையில் இயற்றிய சட்டப்படி, டாலரோடு பிணைக்கப்பட்ட கிரிப்டோவை வெளியிடுவோர் அதற்கு ஈடாக டாலரையும் அந்நாட்டுச் சர்க்காரின் குறுகிய காலக் கடன் பத்திரங்களையும் வைத்திருக்க வேண்டும். அதை வாங்கி வைத்திருக்கும் வெளிநாட்டான், தான் அறியாமலே அமெரிக்க சர்க்காருக்குக் கடன் கொடுக்கிறான். நம்மவர்களில் எத்தனை பேர் பிட்காயினை வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் இந்த மாறுவேஷ டாலரை வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல், ரூபாயைக் காப்பதாகச் சொல்வது இருட்டில் கம்பு சுற்றுவதேயாகும்.

ஆதலால் சர்க்காரை நாம் கேட்பவை மூன்று. முதலாவது, எண்ணிச் சொல்லட்டும். விற்பனை நடக்கும்போதெல்லாம் நூற்றுக்கு ஒன்று வரி பிடிக்கும் விதி 2022 ஜூலை முதல் இருக்கிறது. விற்பவரின் வருமான வரி எண் அதனோடு பதிவாகிறது. கிரிப்டோ வியாபாரத்தைக் கணக்கில் காட்டாத 44,057 பேருக்கு அறிவிப்பு அனுப்ப முடிந்த இலாகாவுக்கு, மொத்தம் எத்தனை பேர், அவர்களில் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்றவர் எத்தனை பேர், பத்து லக்ஷத்துக்கு மேல் எத்தனை பேர் என்று பெயர் சொல்லாமல் வருஷந்தோறும் வெளியிடுவது பிரமாதமான காரியமல்ல. இரண்டாவது, கேட்டு அறியட்டும். குடும்பங்களின் கடனையும் முதலீட்டையும் 2019-இல் தேசமெங்கும் விசாரித்த புள்ளிவிவர இலாகா, அத்தகைய விசாரணைகளில் கிரிப்டோ இருக்கிறதா என்பதையும், எதற்காக என்பதையும் கேட்க வேண்டும். மூன்றாவது, கிடைத்த விடைக்கு ஏற்பச் சட்டம் செய்யட்டும். பிறர் பொருளைத் தன் பொருளோடு கலக்காமல் வைக்கும் கடமையை மாற்றுச் சந்தைகளின் மேல் சுமத்துவதும், லாபத்தில் நஷ்டத்தைக் கழிக்க அனுமதிப்பதும் அச்சட்டத்தின் முதற்படிகள்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துக் கோடிப் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை எண்ணியவர் யார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பது நாம் வாங்குவதற்குக் காரணமாகாது. கல்யாணத்துக்கும் படிப்புக்கும் வைத்த பணத்தை, ஒரே வருஷத்தில் பாதியாய்க் கரையக்கூடிய ஒன்றில் போடுவது விவேகமல்ல. 2021 நவம்பரில் 68,000 டாலருக்கு மேல் விற்ற பிட்காயின், ஒரு வருஷத்துக்குள் 17,000 டாலருக்கும் கீழே போனதைப் பலர் மறந்திருக்கலாம், நஷ்டப்பட்டவர்கள் மறக்கவில்லை. அது பிற்பாடு மீண்டும் ஏறியது உண்மை. ஆனால் அவசரத்துக்கு விற்க வேண்டிய ஏழைக்குக் காத்திருக்கும் சக்தி ஏது?

நமது மொழியில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். வரி வாங்குவதில் காட்டும் சுறுசுறுப்பை உண்மையை வெளியிடுவதிலும் சர்க்கார் காட்டுவதே அந்த இரண்டாவது பொருளுக்கு ஏற்ற செய்கையாகும். எத்தனை பேர், எதற்காக என்ற இரண்டு கேள்விகளுக்கும் அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னரே நிதி மந்திரி பார்லிமெண்டில் விடையளிப்பார் என்று எதிர்பார்க்கிறோம்.